அட்டைப்பெட்டியில் எச்டிஆர், திரையில் இருட்டு

புது டிவியில் எச்டிஆர் படம் (வெளிச்சத்தையும் இருட்டையும் சாதாரணப் படத்தைவிடக் கூடுதல் வீச்சில் காட்டும் வகை) போட்டால் பழைய டிவியைவிட இருட்டாகத் தெரிகிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பீர்கள். நானும் பல மாதங்கள் அப்படித்தான் இருந்தேன். யாரிடம் கேட்டாலும் "புது டிவிதானே, போகப்போகப் பழகிடும்" என்றார்கள். பழகவில்லை. கடைசியில் அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கினேன். விற்றதில், கொடுத்த விலையில் பாதிகூடத் தேறவில்லை. நடுவில் கேபிளுக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டிக்கும் கொட்டிய பணம் தனி. பணம் போனதைவிட இன்னொன்று இன்னும் உறுத்துகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாத குறை என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதே, எனக்குத்தான் ஏதோ கோளாறோ என்று தனியாகத் தவித்த ராத்திரிகள். விவரம் தெரிந்த ஒருவர் வாங்குவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியிருந்தால் போதும், இவ்வளவு தூரம் வந்திருக்காது. எனக்குக் கிடைக்காத அந்தப் பேச்சை உங்களுக்காவது எழுதிவைக்கிறேன்.

நான் வாங்கியது 55 அங்குல 4கே டிவி. அட்டைப்பெட்டியின் மேல் வரிசையாகச் சின்னங்கள் அச்சடித்திருந்தார்கள்: 4கே, எச்டிஆர், நூறு கோடி வண்ணங்கள், 120 என்று ஏதோ ஒரு வேகக் கணக்கு. கடையில் ஓடிக்கொண்டிருந்த காட்சியில் பூக்களும் பவளப்பாறைகளும் கண்ணைப் பறித்தன. வீட்டுக்கு வந்த அன்று செய்தி, பாட்டு எல்லாம் நன்றாகவே வந்தன. இரவு விளக்கை அணைத்துவிட்டு எச்டிஆரில் ஒரு படம் போட்டபோதுதான் வினை ஆரம்பித்தது. காட்டுக்குள் ஒருவர் லாந்தர் பிடித்து நடந்து போகிறார். லாந்தர் தெரிகிறது, அதைப் பிடித்திருக்கும் கை தெரிகிறது. முகம் இல்லை, மரம் இல்லை. சரி, இருட்டாவது இருட்டாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை, வெளிறிப்போன சாம்பல் நிறம். படம் முடிந்து கறுப்புத் திரையில் பெயர்கள் ஓடும்போது, கீழ் விளிம்பின் இரண்டு மூலைகளிலும் டார்ச் அடித்த மாதிரி வெளிச்சத் திட்டுகள். எழுந்து போய்த் துடைத்துக்கூடப் பார்த்தேன்.

மறுநாளே சேவை மையத்துக்குப் போன் செய்தேன். ரீசெட் பண்ணச் சொன்னார்கள், பண்ணினேன். சாஃப்ட்வேர் அப்டேட் வரட்டும் என்றார்கள், வந்தது, ஒன்றும் மாறவில்லை. "கேபிள் பழசா இருக்கும் சார், நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாருங்க" என்றார் ஒருவர். தங்க முலாம் பூசிய விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். அதே இருட்டு. டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப் சரியில்லையோ என்று தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்கினேன். அதே இருட்டு. இழுத்தடித்து ஒருவழியாக டெக்னீஷியன் வந்தார். ரிமோட்டில் ஏதோ பட்டன்களை வரிசையாக அழுத்தி ஒரு மறைவான மெனுவுக்குள் போய், திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டார். "பேனல் சுத்தமா இருக்கு சார், ஒரு புள்ளிகூடச் சாகல. இந்த மாடல் இப்படித்தான் வரும்" என்று சொல்லி, படத்தை வைவிட் மோடுக்கு மாற்றிக் கொடுத்தார். வெளிச்சம் கூடியது, கூடவே மனித முகங்களெல்லாம் நீலம் பாரித்துப்போயின. அறிக்கைத் தாளில் "குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார், போட்டுக்கொடுத்தேன். அந்தத் தாளைக் காட்டித்தான் பிறகு கடைக்காரர் திரும்ப எடுக்க முடியாது என்றார். அதற்குள் திருப்பிக்கொடுக்கும் கெடுவும் முடிந்திருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவிருக்கட்டும். போனில் புகார் சொன்னால் போதாது. முதல் நாளே மின்னஞ்சலிலோ வேறு எழுத்து வடிவிலோ, கடைக்கும் கம்பெனிக்கும் சேர்த்து, என்ன தெரிகிறது என்பதைப் படத்தோடு அனுப்பிவிடுங்கள். கெடுவுக்குள் புகார் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. டெக்னீஷியன் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன், "இருட்டுக் காட்சிகளில் முகம் தெரியவில்லை, மூலைகளில் வெளிச்சம் கசிகிறது, எனக்கு ஒப்புதல் இல்லை" என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். பிறகு அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கப்புறம்தான் நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. டெக்னீஷியன் பொய் சொல்லவில்லை, என் கண்ணும் பொய் சொல்லவில்லை. பெட்டியின் மேல் இருக்கும் பல சின்னங்கள், அந்த டிவி எந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதைத்தான் சொல்கின்றன. வாங்கியதை அந்தப் பேனலால், அதாவது படம் காட்டும் திரைப் பலகையால், காட்ட முடியுமா என்பதைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தையும் கிடையாது. என் டிவி எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும்; அதைக் காட்டுவதற்கான வெளிச்சம் அதனிடம் இல்லை.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். சாதாரணப் படங்களை ஸ்டுடியோவில் 100 நிட்ஸை அளவுகோலாக வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். நம் டிவி 250, 300 நிட்ஸ் கொடுக்கும் என்றால் அந்தப் படம் தாராளமாகப் பளிச்சென்று தெரியும். எச்டிஆர் படங்களோ பெரும்பாலும் 1,000 நிட்ஸ், சில 4,000 நிட்ஸ் என்று வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. அதோடு எச்டிஆர் சிக்னலில் ஒவ்வொரு மதிப்பும் 'இந்தப் புள்ளி இத்தனை நிட்ஸில் ஒளிரவேண்டும்' என்று கறாராகச் சொல்கிறது. என் டிவியில் உச்ச வெளிச்சமே 300-க்குள். ஆக, லாந்தர் சுடரின் 1,000 நிட்ஸைத் தன் 300-க்குள் திணிக்க, டிவி மொத்தப் படத்தையும் அமுக்குகிறது. அமுங்குவதில் முதலில் காணாமல் போவது நிழலில் இருக்கும் முகம். பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, கூட்டலாம் என்றால், எச்டிஆர் வந்ததுமே அது தானாக உச்சத்துக்குப் போய் நிற்கிறது, கூட்ட இடமே இல்லை. அதனால்தான் அதே படத்தைச் சாதாரண வடிவில் போட்டால் நன்றாகத் தெரிந்தது. கையில் இருக்கும் டிவியை மாற்ற வழியில்லாதவர்கள், ஸ்ட்ரீமிங் பெட்டியின் செட்டிங்ஸில் எச்டிஆரை அணைத்துவிட்டுப் பாருங்கள். இதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு அப்போது அழுகையே வந்துவிட்டது.

நூறு கோடி வண்ணங்கள் கதையும் இதே மாதிரிதான். பிட் என்பது ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் எத்தனை படிகள் என்பதைக் குறிக்கும் அளவு. 8 பிட் பேனலால் சுமார் 1 கோடியே 67 லட்சம் வண்ணங்களைக் காட்ட முடியும். 10 பிட் என்றால் 107 கோடி. 8 பிட் பேனலையே பக்கத்துப் பக்கத்து வண்ணங்களுக்கிடையே வேகமாக மாற்றி மாற்றிக் காட்டவைத்து 10 பிட் போலத் தோன்றச் செய்யும் உத்தியும் உண்டு. அது மோசமில்லை. ஆனால் மலிவான டிவிகளில் சூரிய அஸ்தமன வானத்தைப் பாருங்கள், வண்ணம் வழுக்கிக்கொண்டு மாறாமல் பட்டை பட்டையாக விழும்.

அடுத்தது கறுப்பு. எல்இடி டிவி, க்யூஎல்இடி டிவி என்று என்ன பெயர் வைத்தாலும் அடிப்படையில் அவை எல்சிடிதான். பின்னால் ஒரு விளக்கு எரிகிறது, முன்னால் இருக்கும் பேனல் அந்த வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் படம் காட்டுகிறது. முழுக்க மறைக்க முடியாததால்தான் கறுப்பு சாம்பலாகிறது. இதில் ஐபிஎஸ் வகைப் பேனல் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் கெடாது, ஆனால் காண்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000-க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். விஏ வகையில் அது 3000-க்கு 1, அதற்கு மேலும் போகும். கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மட்டும் நிறம் வெளுத்துப்போகும். என் முதல் டிவி ஐபிஎஸ், அதிலும் விளக்கு வரிசை கீழ் விளிம்பில் மட்டும் இருக்கும் ரகம். மூலைத் திட்டுகள் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. விளக்குகள் பேனலின் பின்புறம் முழுக்கப் பரவியிருந்து, பகுதி பகுதியாகத் தனித்தனியே மங்கவும் ஒளிரவும் முடிந்தால் அதை லோக்கல் டிம்மிங் என்கிறார்கள். அப்படி எத்தனை பகுதிகள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. பத்துப் பன்னிரண்டு பகுதிகள் என்றால் பெயருக்குத்தான் பயன். நூற்றுக்கணக்கில் இருந்தால் வித்தியாசம் கண்கூடு. ஓஎல்இடியில் இந்தத் தொல்லையே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். ஆனால் நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில் அந்தச் சேனல் சின்னத்தின் தடம் காலப்போக்கில் திரையில் படிந்துவிடக்கூடும் என்பதால் நான் அதன் பக்கம் போகவில்லை. எங்கள் வீட்டில் டிவி காலையில் போட்டால் இரவுதான் அணையும்.

கடையில் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? அங்கே எல்லா டிவியும் ஸ்டோர் மோடில், உச்ச வெளிச்சத்தில், டியூப்லைட்டுகளுக்கு நடுவே நிற்கும். ஓடுவதும் கறுப்பே இல்லாத காட்சிகள். இரண்டாம் முறை போனபோது ஒரு பென்டிரைவில் இருட்டுக் காட்சிகள் கொண்ட எச்டிஆர் மாதிரிப் படத்தையும், முழுக் கறுப்பு, முழுச் சாம்பல் படங்களையும் எடுத்துப் போனேன். விற்பனையாளர் முதலில் தயங்கினார். "வாங்கறதுக்குத்தான் வந்திருக்கேன் தம்பி, ரெண்டு நிமிஷம் போட்டுக் காட்டுங்க" என்றதும் போட்டுவிட்டார். படத்தின் மோடை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், முகங்களைப் பாருங்கள், பிறகு திரையின் பக்கவாட்டுக்கு நடந்து போய்ப் பாருங்கள். நிட்ஸ் கணக்கைக் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் விவரத்தாளில் போடுவதில்லை. கருவி வைத்து அளந்து எழுதும் விமர்சகர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய அளவுகளைத் தேடிப் பாருங்கள். எல்சிடி என்றால் 600 நிட்ஸுக்குக் கீழே எச்டிஆருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவேண்டாம் என்பது என் முடிவு.

பெட்டியில் இருந்த 120-க்கும் ஒரு கதை உண்டு. பேனல் ஒரு விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் ரிஃப்ரெஷ் ரேட். என் டிவியின் விவரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. மேலே போட்ட 120, கம்பெனி தன் மென்பொருள் வித்தைகளையும் சேர்த்துச் சொல்லும் எண். நீங்கள் கேட்கவேண்டியது 'நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட்' எவ்வளவு என்று. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். 60-ஐ 24-ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது, அதனால் பல 60 ஹெர்ட்ஸ் டிவிகள் ஒரு ஃபிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. கேமரா மெதுவாக ஒரு தெருவைச் சுற்றிக் காட்டும்போது லேசாகத் தத்தித் தத்தி வருவது அதனால்தான். உண்மையான 120 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஐந்து முறை, சமமாக வரும். தத்தலை மறைக்க டிவி தானாக நடுநடுவே பொய் ஃபிரேம்களைச் செருகும் வசதி ஒன்று வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கும். விளையாட்டுக்கு அது பரவாயில்லை. சினிமாவைச் சீரியல் மாதிரி ஆக்கிவிடும், அணைத்துவிடுங்கள். இயக்குநர்கள் பலர் சேர்ந்து குரல்கொடுத்த பிறகு 2019-ல் டிவி கம்பெனிகளும் சினிமா ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு அறிவித்த ஃபிலிம்மேக்கர் மோட் இதைத்தான் செய்கிறது, ஒரே பட்டனில் இந்த வித்தைகளை எல்லாம் நிறுத்திவிடும்.

கேபிளுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. எச்டிஎம்ஐ டிஜிட்டல் சிக்னல். கேபிள் சரியில்லை என்றால் படம் விட்டு விட்டு வரும், பொடிப் புள்ளிகள் மினுக்கும், இல்லாவிட்டால் வரவே வராது. மங்கலாகவோ இருட்டாகவோ வராது. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 18 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 18 ஜிகாபிட்) தாங்கும் பிரீமியம் ஹை ஸ்பீடு கேபிள் போதும், 4கே 120-க்கு 48 ஜிபிபிஎஸ் அல்ட்ரா ஹை ஸ்பீடு. தங்க முலாமுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. கேபிளைவிட முக்கியம் போர்ட். மூன்று போர்ட் இருந்தால் மூன்றும் ஒன்றல்ல. உயர்ந்த வேகம் ஒன்றிரண்டில் மட்டும் இருக்கும், சவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பும் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி ஒரே ஒரு போர்ட்டில்தான் இருக்கும். சில டிவிகளில் அந்த ஒரே போர்ட்டிலேயே இரண்டும் இருக்கும், கேம் கன்சோலும் சவுண்ட்பாரும் வைத்திருப்பவர் திண்டாடிப்போவார். எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருந்தாலும் நம்பிவிடவேண்டாம், அதன் அம்சங்கள் பலவும் விருப்பத்துக்குரியவைதான், 4கே 120 உண்டா என்று தனியாகக் கேளுங்கள். இன்னொன்று, பல டிவிகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் செட்டிங்ஸில் போய் 'என்ஹான்ஸ்டு' என்பது போன்ற ஒன்றை ஆன் செய்தால்தான் முழுத் தரமும் வரும்.

4கே பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, ஆனால் எதிர்பார்ப்பு வேறாக இருந்தது. 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்டியில் 20.7 லட்சம். எச்டி ரெடி என்று விற்கும் பலவற்றில் 1366-க்கு 768. நாம் அன்றாடம் பார்க்கும் சாதாரணச் சேனல் 720-க்கு 576 என்றால், ஒரு புள்ளியை இருபதாக ஊதித்தான் 4கே திரையை நிரப்பவேண்டும். பழைய சின்ன டிவியில் தெளிவாக இருந்த சேனல் புதுசில் மங்கிப்போனதாகப் பெரியவர்கள் குறைப்படுவது முழுக்க நியாயம். ஷார்ப்னஸைக் கூட்டினால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுவதுதான் மிச்சம், குறைத்தே வையுங்கள். உட்காரும் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 55 அங்குலத்துக்கு ஏழடி சுமார் சரியான தூரம். அதற்கு வெகு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் எச்டிக்கும் 4கே-வுக்கும் வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது. ஓரம் வெட்டுப்பட்டு, ஓடும் செய்தி வரி பாதி மறைந்தால் படத்தின் அளவு செட்டிங்ஸில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஒரிஜினல்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், டிவியில் குறையில்லை.

ஸ்மார்ட் டிவி என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கவேண்டாம். பேனல் பல வருடம் உழைக்கும், ஆப்களும் அப்டேட்டும் அதற்கு முன்பே நின்றுபோகும்; அப்போது வெளியே ஒரு பெட்டியைச் செருகிக்கொள்ளலாம். நல்ல படத்துக்கு வெளியிலிருந்து செருக எதுவும் இல்லை.

இப்போது இருப்பது விஏ பேனல், நேட்டிவ் 120 ஹெர்ட்ஸ், பின்புறம் முழுக்க விளக்கு, சில நூறு பகுதிகளாக மங்கும். வந்த வாரமே எல்லாவற்றையும் சோதித்து முடித்தேன்: ஐந்து நிறங்களில் செத்த புள்ளி, சாம்பல் திரையில் அழுக்குத் திட்டு, இருட்டில் மூலைகள், எல்லா போர்ட்டும். பெட்டியையும் தெர்மோகோலையும் கெடு முடியும்வரை தூக்கிப்போடவில்லை. டெலிவரி ஆட்கள் முன்னாலேயே பிரித்து, ஆன் செய்து பார்த்து, வீடியோவும் எடுத்தேன். பேனல் விரிசல் வாரண்டியில் சேராது, மாற்றும் செலவு சில சமயம் புது டிவி விலையைத் தொட்டுவிடும். குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றி மெலிதாக ஒளி பரவுகிறது. சப்டைட்டில் நிறத்தைச் சாம்பலாக்கினேன், பெருமளவு அடங்கிவிட்டது. அந்தக் காட்டுக் காட்சியில் முகம் தெரிகிறது, முகத்துக்குப் பின்னால் மரத்தின் பட்டைகூடத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. மாடல் எண்ணை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரே வரிசை, ஒரே பெயர், ஒரே விளம்பரம் என்றிருந்தாலும் 50 அங்குலத்தில் ஒரு வகைப் பேனலும் 55-ல் வேறு வகையும் போடுவது உண்டு, ரிஃப்ரெஷ் ரேட்கூட மாறும். நீங்கள் படித்த விமர்சனம் 65 அங்குலத்துக்கு எழுதியதாக இருக்கலாம். கையிருப்பு இல்லை, இதே மாடலில் சின்னது எடுத்துக்கொள்ளுங்கள் என்று விற்பனையாளர் சொன்னால் அன்றைக்குப் பணம் கட்டாமல் வீட்டுக்கு வந்து, அந்த அளவின் விவரத்தாளை முதல் வரியிலிருந்து மறுபடி பாருங்கள்.